ஊதிப்பெருத்த அமெரிக்கர், சுருங்கிப்போன ஜான் புல்: அலபாமா கார்ட்டூனை எப்படிப் படிப்பது?

நீங்கள் போட்டிருக்கும் படம் 1872 ஜனவரியில் லண்டன் ‘பஞ்ச்’ என்ற நையாண்டி வார இதழில் வந்தது. ஒரு பக்கம் குள்ளமாகச் சுருங்கி நிற்கும் ஜான் புல், அதாவது பிரிட்டன். எதிரே காற்றடைத்தது போல் ஊதிப்பெருத்த ஓர் அமெரிக்க உருவம், ‘அலபாமா கோரிக்கை’ என்ற பெயரோடு. அலபாமா என்பது பிரிட்டனில் கட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காக அமெரிக்க வணிகக் கப்பல்களை அழித்த கப்பல்; அந்த நஷ்டத்துக்கு அமெரிக்கா பிரிட்டனிடம் கேட்ட ஈடுதான் அந்தக் கோரிக்கை. படத்தைப் போட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்கா நிஜமாகவே இவ்வளவு பேராசையோடு நஷ்டஈடு கேட்டதா, கடைசியில் பிரிட்டன் பணிந்துபோனதா, வரைந்தவர் ஜோசப் ஸ்வெயின் என்று இருக்கிறதே, அவர் யார்? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. போருக்குப் பிறகு இரண்டு நாடுகளுக்குள் நடந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு கார்ட்டூனைச் சான்றாக நம்பலாமா? நம்பினால் எந்த அளவுக்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். 1872 ஜனவரியில் லண்டன் எவ்வளவு மிரண்டிருந்தது என்பதற்கு இந்தப் படம் முதல்தரமான சான்று. யார் பக்கம் நியாயம் இருந்தது, வழக்கு எப்படி முடிந்தது என்ற இரண்டுக்கும் இது சான்றே ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விடைத்தாள் எழுதிய மாணவர்களை நிறையப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கப்பலின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களிடம் கடற்படை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அதனால் ஜேம்ஸ் புல்லக் என்ற முகவரை லிவர்பூலுக்கு அனுப்பினார்கள். மெர்சி ஆற்றின் மறுகரையில் பர்க்கன்ஹெட்டில் இருந்த லேர்ட் குடும்பத்தின் கப்பல் பட்டறையில் அவர் ஒரு கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தார். பட்டறைக் கணக்கில் அதற்குப் பெயர் கிடையாது, 290 என்ற எண் மட்டும்தான். 1862 மே மாதம் ‘என்ரிகா’ என்ற பெயரில் தண்ணீரில் இறக்கினார்கள். அது போர்க்கப்பல் என்பது லிவர்பூல் துறைமுகத்தில் ஊரறிந்த ரகசியம். அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி தாமஸ் டட்லி, மாலுமிகளிடமும் பட்டறை ஆட்களிடமும் சத்தியப் பிரமாண வாக்குமூலங்களைத் திரட்டினார். லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் அவற்றைப் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் பிரபுவிடம் கொடுத்தார். ராபர்ட் காலியர் என்ற பெயர்பெற்ற ஆங்கில வழக்கறிஞரின் கருத்தும் உடன் போனது. வெளிநாட்டுப் படைச்சேர்ப்புச் சட்டத்தை மீறியதற்கு இதைவிட வலுவான வழக்கு அமைவது கடினம் என்பது அவர் கருத்தின் சாரம். அடுத்த ஆண்டே அவர் பிரிட்டிஷ் அரசின் சட்ட அதிகாரிகளில் ஒருவராக நியமிக்கப்பட்டார்.

இந்த இடத்தில் நடந்தது நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள். காகிதங்கள் கருத்துக் கேட்டு அரசின் மூத்த சட்ட அதிகாரிகளில் ஒருவரான சர் ஜான் ஹார்டிங்கிடம் போயின. அவருக்கு அப்போது மனநிலை முற்றாகச் சிதைந்திருந்தது. குடும்பத்தார் அதை வெளியே சொல்லவில்லை. காகிதங்கள் யாரும் பிரிக்காமல் அவர் வீட்டிலேயே சில நாட்கள் கிடந்தன. மற்ற சட்ட அதிகாரிகள் கப்பலைப் பிடிக்கலாம் என்று கருத்துச் சொன்ன நாள் 1862 ஜூலை 29. கப்பல் கிளம்பியதும் அதே நாள்தான். வெள்ளோட்டம் என்று சொல்லி, பெண்களும் ஆண்களுமாக விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு, கொடி கட்டி ஆற்றில் இறங்கியது. மாலையில் விருந்தினர்களையும் புல்லக்கையும் ஓர் இழுவைப் படகு கரைக்குக் கொண்டுவந்தது. கப்பல் மட்டும் திரும்பவில்லை. அசோர்ஸ் தீவுகளில் டெர்சேராவுக்குப் போனது. லண்டனிலிருந்து தனியாக வந்த ஒரு சரக்குக் கப்பல் பீரங்கியும் வெடிமருந்தும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகஸ்ட் 24 அன்று ரஃபேல் செம்ஸ் தலைமையில் ‘அலபாமா’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் மண்ணில் இருக்கும்வரை அதில் ஒரு துப்பாக்கிகூட ஏற்றவில்லை என்பதுதான் புல்லக் கண்டுபிடித்த சட்ட ஓட்டை. மேலே சொன்ன வெளிநாட்டுப் படைச்சேர்ப்புச் சட்டம் 1819ஆம் ஆண்டுச் சட்டம்; அது கப்பலைப் போருக்காகத் தயார்ப்படுத்துவதைத் தடுத்தது. கட்டுவது மட்டும் குற்றமா என்பதில் வாதத்துக்கு இடம் இருந்தது.

இதில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கப்பலை இனியும் துறைமுகத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று நம்பகமான ஒருவரிடமிருந்து தகவல் வந்ததாகப் புல்லக்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆகவே முன்கூட்டியே தகவல் கசிந்தது என்பது உறுதி. கசியவிட்டவர் யார் என்பது சந்தேகத்துக்குரியது. வெளியுறவு அலுவலக எழுத்தர் ஒருவர்மேல் சந்தேகம் உண்டு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சான்று இல்லை. ரஸ்ஸல் வேண்டுமென்றே தாமதித்தாரா, வெறும் மெத்தனமா என்பதிலும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மெத்தனம்தான் என்பது என் கணிப்பு. அதற்குக் காரணம், அடுத்த ஆண்டு அதே பட்டறையில் கட்டிய இரண்டு இரும்புக் கவசக் கப்பல்களை அதே ரஸ்ஸல் நிறுத்திவைத்தார். ‘இது போர் என்பதைத் தங்களுக்குச் சுட்டிக்காட்டத் தேவையில்லை’ என்ற பொருளில் ஆடம்ஸ் 1863 செப்டம்பரில் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஆனால் கடிதம் போய்ச் சேருமுன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. மனம் வைத்தால் நிறுத்த முடியும் என்பதை இதன் மூலம் பிரிட்டனே காட்டிவிட்டது. பின்னால் நடந்த வழக்கில் அமெரிக்காவுக்கு இது வசதியாகப் போயிற்று.

அலபாமா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் 65 கப்பல்கள் வரை பிடித்தது, பெரும்பாலானவற்றை எரித்தது. நம் பக்கத்துக் கடலுக்கும் வந்திருக்கிறது. சிங்கப்பூரைத் தொட்டு, மலாக்கா நீரிணையில் கப்பல்களைக் கொளுத்தி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மலபார் கரைக்கு வந்து, 1864 ஜனவரியில் ‘எம்மா ஜேன்’ என்ற அமெரிக்க வணிகக் கப்பலை எரித்தது. அதில் இருந்தவர்களைக் கொல்லத்துக்குத் தெற்கே அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. கடைசியில் 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே ‘கியர்சார்ஜ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதை மூழ்கடித்தது. ஆனால் சேதம் எரிந்த கப்பல்களோடு நிற்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. நூற்றுக்கணக்கான அமெரிக்க உரிமையாளர்கள் பயந்து தங்கள் கப்பல்களை வெளிநாட்டுக் கொடிக்கு மாற்றினார்கள். அமெரிக்க வணிகக் கப்பல் தொழில் அந்த அடியிலிருந்து வெகுகாலம் எழவில்லை. கார்ட்டூனில் இந்த மாலுமிகளும் இல்லை, எரிந்த கப்பல்களும் இல்லை. ஜான் புல் ஏதோ தெருவோடு போனவர், அவரை ஒரு முரடன் மறித்துக்கொண்டான் என்பது போன்ற தோற்றத்தைப் படம் கொடுக்கிறது. அது முழுப் பொய் இல்லை, ஆனால் கதையின் முதல் பாதியை அது விழுங்கிவிடுகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி, பேராசை பற்றியது. போர் முடிந்ததும் பேச்சு தொடங்கியது. 1869இல் ஜான்சன்-கிளாரண்டன் உடன்பாடு ஒன்று தயாரானது. அதில் வருத்தம் தெரிவிக்கும் வரி ஒன்றுகூட இல்லை. அமெரிக்க செனட் 54க்கு 1 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. அன்று செனட்டர் சார்ல்ஸ் சம்னர் பேசிய பேச்சுதான் அந்த ஊதிப்பெருத்த உருவத்தின் பிறப்பிடம். தனியார் கப்பல்களுக்கும் சரக்குக்கும் நேர்ந்த நேரடி நஷ்டம் சுமார் 1.5 கோடி டாலர் என்றார். அதோடு விடவில்லை. கப்பல் வணிகம் அழிந்ததற்குப் பல கோடி, பிரிட்டனின் போக்கால் போரே இருமடங்கு நீண்டது என்பதால் போர்ச்செலவில் பாதியாக 200 கோடி டாலர் என்று கணக்கை நீட்டிக்கொண்டே போனார். அந்தத் தொகைக்கு ஈடாகக் கனடாவையே கொடுத்துவிடட்டும் என்ற எண்ணம் அவருக்கும் வேறு சில செனட்டர்களுக்கும் இருந்தது. 1867இல் அலாஸ்கா முழுவதையும் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் 200 கோடி என்பது எப்படிப்பட்ட தொகை என்று புரியும்.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹாமில்டன் ஃபிஷ் நிதானமானவர். 1871 மே 8 அன்று வாஷிங்டன் உடன்படிக்கை கையெழுத்தானது. அலபாமாவும் பிற கப்பல்களும் பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து தப்பிப் போனதற்கும் அவை செய்த சேதத்துக்கும் பிரிட்டன் வருத்தம் தெரிவித்தது. ஒரு வல்லரசு இப்படி எழுதிக் கொடுப்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. நடுநிலை நாடு ஒன்று தன் துறைமுகத்தில் போர்க்கப்பல் தயாராகாதபடி உரிய கவனம் எடுக்க வேண்டும் என்பது உள்ளிட்ட மூன்று விதிகளை இரு தரப்பும் ஏற்றன. வழக்கு ஜெனீவாவில் ஐந்து நடுவர்களிடம் போகும் என்று முடிவாயிற்று. அமெரிக்காவுக்கு ஆடம்ஸ், பிரிட்டனுக்குத் தலைமை நீதிபதி சர் அலெக்சாண்டர் காக்பர்ன், இத்தாலியின் ஸ்க்ளோபிஸ், சுவிட்சர்லாந்தின் ஸ்டெம்ஃப்ளி, பிரேசிலின் இதாஜுபா. 1862இல் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த ஆடம்ஸ் பத்து வருடம் கழித்து அதே விவகாரத்தில் நடுவராக உட்கார்ந்தார்.

1871 டிசம்பர் 15 அன்று ஜெனீவாவில் இரு தரப்பும் எழுத்து வாதங்களைக் கொடுத்தன. சம்னர் கேட்ட மறைமுக நஷ்டங்கள் கைவிடப்பட்டன என்றே லண்டன் நம்பியிருந்தது. அமெரிக்க வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் அவை அத்தனையும் உள்ளே இருந்தன. உள்நாட்டுப் போரில் 1863இல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகான போர்ச்செலவும் அதற்கு வட்டியும்கூட. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு ஆடிப்போனது. பத்திரிகைகள் கொதித்தன, நாடாளுமன்றம் கூடியதும் அங்கேயும் அதே கொதிப்பு. உங்கள் படம் சரியாக அந்த வாரங்களில் வந்தது. தேதிதான் இந்தப் படத்தின் சாவி. 1872 ஜனவரியில் அந்த ஊதிப்பெருத்த உருவத்தைப் பார்த்த லண்டன் வாசகர் எவரும் அதை மிகை என்று நினைத்திருக்க மாட்டார். அமெரிக்கா கேட்டது காகிதத்தில் அவ்வளவு பெரியதுதான்.

ஆனால் கேட்டது வேறு, எதிர்பார்த்தது வேறு. ஃபிஷ் அந்தத் தொகையை வாங்கிவிடலாம் என்று நம்பவில்லை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள், நானும் அப்படித்தான் கருதுகிறேன். 1872 அமெரிக்காவில் அதிபர் தேர்தல் ஆண்டு. மறைமுக நஷ்டத்தை வாதத்திலிருந்து அமைதியாக நீக்கியிருந்தால் அதிபர் கிராண்ட் அரசு விலைபோய்விட்டது என்று உள்ளூரில் கூச்சல் எழும். ஆகவே வாதத்தில் சேர்த்துவிட்டு, முடியாது என்று நடுவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் வழி. இது என் ஊகம் கலந்த வாசிப்பு, நடந்தவற்றோடு நன்றாகப் பொருந்துகிறது. அந்த ஊதிப்பெருத்த உருவம் லண்டனை நோக்கி நின்றாலும், அதை ஊதியது வாஷிங்டன் உள்நாட்டு அரசியல்.

கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. 1872 ஜூனில் நடுவர்கள் மறுபடி கூடியபோது, விசாரணையை ஒத்திவைக்க வேண்டும் என்று பிரிட்டன் கேட்டது. ஒத்திவைத்தால் வழக்கே செத்துவிடும் நிலை. அப்போது ஆடம்ஸ் ஒரு வழி சொன்னார். மறைமுக நஷ்டங்களை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே போக வேண்டாம், அப்படிப்பட்ட நஷ்டங்கள் நாடுகளுக்கிடையிலான சட்டப்படி ஈடு கேட்கத்தக்கவை அல்ல என்று நடுவர்கள் தாங்களாகவே கருத்துச் சொல்லிவிடலாம். அமெரிக்கா நியமித்த நடுவரே அமெரிக்காவின் மிகப்பெரிய கோரிக்கையை வெட்ட முன்வந்தார். ஜூன் 19 அன்று அந்தக் கருத்தை அறிவித்தார்கள். அலபாமா மூழ்கி அன்றோடு சரியாக எட்டு ஆண்டு. வாஷிங்டன் ஏற்றுக்கொண்டது. பஞ்ச் வரைந்த உருவத்திலிருந்து காற்று அன்றைக்கே இறங்கிவிட்டது. கார்ட்டூன் வந்து சுமார் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பிறகு நடந்தது நேரடி நஷ்டத்தைப் பற்றிய வாதம் மட்டுமே. அலபாமா விஷயத்தில் பிரிட்டன் பொறுப்பு என்பதில் ஐந்து பேரும் ஒன்றுபட்டார்கள், காக்பர்ன் உட்பட. தென் மாநிலங்களின் இன்னொரு கப்பலான ‘புளோரிடா’ விஷயத்தில் காக்பர்ன் மட்டும் மாறுபட்டார். மெல்போர்னில் ஆளும் நிலக்கரியும் எடுத்துக்கொண்டு போன ‘ஷெனண்டோவா’ விஷயத்தில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். 1872 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தங்கமாகக் கொடுக்க வேண்டும். சம்னர் நேரடி நஷ்டம் என்று சொன்ன தொகைக்கு மிக அருகில் வந்து நின்றது இது. காக்பர்ன் கையெழுத்திட மறுத்து, நீண்ட மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரிட்டன் முணுமுணுத்தது, ஆனால் அடுத்த ஆண்டே முழுத் தொகையையும் கட்டியது. ஜெனீவா நகர மன்றக் கட்டடத்தில் தீர்ப்பு வாசித்த அறையை இன்றும் அலபாமா அறை என்றே சொல்கிறார்கள். 1864இல் போரில் காயமடைந்தோரைக் காக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே அறையில்தான்.

ஆகவே பிரிட்டன் பணிந்ததா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. கொடுத்த தொகை பெரியதுதான், ஆனால் 200 கோடி எங்கே, 1.55 கோடி எங்கே. அதே வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அமைந்த வேறொரு குழு, போரில் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்காக அமெரிக்கா சுமார் 19 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றது. மீன்பிடி உரிமைக்காக 1877இல் ஹாலிஃபாக்ஸ் தீர்ப்பில் இன்னொரு 55 லட்சம் டாலர் அமெரிக்காவிடமிருந்து போனது. நடுநிலை நாடுகளின் கடமை பற்றிய அந்த மூன்று விதிகளால் நீண்ட காலத்தில் மிகவும் பயனடைந்ததும் பிரிட்டன்தான் என்று நினைக்கிறேன். உலகத்திலேயே அதிக வணிகக் கப்பல் வைத்திருந்த நாட்டுக்கு, அடுத்த போரில் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அலபாமா கிளம்பிவந்தால் என்ன ஆகும் என்ற கவலை இருக்கத்தானே செய்யும். விதிகளின் சட்ட நுணுக்கத்தைப் பற்றி என்னைவிடச் சர்வதேசச் சட்டம் படித்தவர்கள் திருத்தமாகச் சொல்வார்கள். நான் சொல்வது வரலாற்றுக் கண்ணோட்டத்தில் மட்டும்.

கடைசியாக ஸ்வெயின். படத்தின் கீழ் மூலையில் நீங்கள் பார்த்த அந்தப் பெயர் ஓவியருடையது அல்ல, மரக்கட்டையில் செதுக்கியவருடையது. பஞ்ச் ஆசிரியர் குழு புதன்கிழமை இரவு விருந்து மேசையில் உட்கார்ந்து அந்த வாரப் பெரிய கார்ட்டூனின் கருவைப் பேசி முடிவு செய்யும். ஓவியர் வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் பாக்ஸ்வுட் என்ற கடினமான மரக்கட்டைமேல் வரைந்து வெள்ளிக்கிழமை அனுப்புவார். ஸ்வெயினின் பட்டறை ஆட்கள் ஒரே மூச்சில் செதுக்குவார்கள். ஸ்வெயின் பெயருக்குப் பின்னால் செதுக்கினார் என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து இருக்கும், அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் படித்துவிட்டு அவரையே ஓவியராக்கிவிடுகிறார்கள். இணையத்தில் இந்தப் படத்துக்குக் கீழே அப்படித்தான் சுற்றுகிறது. அந்தக் காலத்துப் பஞ்சின் முதன்மை ஓவியர் ஜான் டென்னியல், வாராவாரம் பெரிய கார்ட்டூன் பெரும்பாலும் அவருடையது. உங்கள் படம் முழுப்பக்கப் படமாக இருந்தால் அவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய மற்றொரு மூலையில் அவருடைய பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னிய சிறு முத்திரை இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் படமாக இருந்தால் லின்லி சாம்போர்ன் போன்ற வேறொருவராக இருக்கலாம்.

கரு மேசையில் பலர் கூடிப் பேசி முடிவானது என்பது படத்தைப் படிக்கும்போது முக்கியம். இது ஓர் ஓவியரின் தனிக் கோபம் இல்லை, லண்டன் நடுத்தர வர்க்கத்து வாசகர் எதற்குத் தலையாட்டுவார் என்று நன்கு தெரிந்த குழுவின் கணிப்பு. லிங்கனைப் போர்க்காலம் முழுக்கக் கேலி செய்த இதே பஞ்ச், 1865இல் அவர் கொலையுண்டதும், பிரிட்டனைப் பெண்ணாக உருவகிக்கும் பிரிட்டானியா அவர் உடல்மேல் மலர்வளையம் வைப்பதாக டென்னியல் வரைந்த படத்தை வெளியிட்டது. வாசகர்களின் மனம் மாறியபோது படமும் மாறியது. அதனால் உங்கள் கட்டுரையில் இதைச் சேர்ப்பதானால் ஒரே படத்தோடு நிற்காதீர்கள். 1872 ஜனவரி, ஜூன், செப்டம்பர் மூன்று மாதப் பஞ்ச் இதழ்களையும் அதே மாத நியூயார்க் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் பழைய தொகுதிகளும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்துக்குக் கீழே ஓவியர், செதுக்கியவர், இதழ், தேதி நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஆண்டை மட்டும் போட்டுவிட்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஜூன் 19க்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதைப் பொறுத்து அந்த உருவத்தின் பொருளே மாறிவிடுகிறது.